‘கண்டிப்பா’வுக்குப் பத்துக்கு எத்தனை

1

வேறொரு கதையில் ‘நிச்சயமாக’ என்று எழுதி, அடித்தேன். அடித்த பிறகும் வாக்கியம் அப்படியே நின்றது. அப்படியானால் அந்த வினையடை அதுவரை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. [கட்டுரையாகப் போகிறது. ஆளைக் கொண்டுவருகிறேன்.]

2

சுகன்யா மெதுவாக

வேண்டாம். சுகன்யா கணினி முன் உட்கார்ந்தாள். பெரம்பலூரில், உரக்கடைக்கு மேல்மாடி ஆபீஸ். கணினிக்குத் தமிழ் புரியவைக்கும் வேலை. ‘சீக்கிரமா’, ‘அனேகமா’, ‘கண்டிப்பா’ என்று வரும் வாக்கியங்களைப் படித்து, சொன்னது நடக்குமா என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஒரே வாக்கியத்துக்கு அவளும் உடையார்பாளையத்து அறிவரசனும் தனித்தனியாகப் போடுவார்கள். வாக்கியங்களை அவர்களே எழுதியும் சேர்க்கலாம்.

அன்று திரையில் வந்தது:

“ஞாயித்துக்கெழம அம்மாவ கூட்டிக்கிட்டு உங்க வூட்டுக்குக் கண்டிப்பா வரேன்.”

எழுதியது யார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெண் கேட்டு வருவதாக அறிவரசன் போன மாதமும் சொல்லியிருந்தான். குன்னத்தில் அவள் அம்மா கேசரி கிண்டி, தெருவுக்கும் சொல்லிவைத்தாள். கடைசியில் தெருதான் தின்றது.*

சுகன்யா ஒன்று போட்டாள்.

* பெரம்பலூர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வாங்கும் எல்லோரும் ‘கண்டிப்பா வரோம்’ என்பார்கள். அதை நம்பி யாரும் இலை போடுவதில்லை.

3

முதல் வரைவில் அறிவரசனை அழவைத்தேன். அவனுக்கு அது பொருந்தவில்லை. அவன் பத்து போட்டிருந்தான்.

மேற்பார்வை பார்க்கும் ஹேமலதா இருவரையும் கூப்பிட்டார். பத்து யார் போட்டது என்று கேட்டார். அவன் கை தூக்கினான்.

“ஒண்ணு?”

“கேசரி கிண்டுன வூடு மேடம்,” என்றாள் சுகன்யா.

ஹேமலதா சிரிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதா என்று அவனைக் கேட்டார். இல்லை.

“அப்புறம் எப்படிப்பா பத்து?”

“அதான் கண்டிப்பான்னு போட்டிருக்கேனே மேடம்.”

“அதுக்குத்தாங்க ஒண்ணு,” என்றாள் சுகன்யா. “அத எடுத்துருங்க. அஞ்சாச்சும் போடுறேன்.”

அவன் அந்தச் சொல்லை அழித்தான். பிறகு, அங்கேயே, அம்மாவுக்குப் போன் போட்டான்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அம்மா போனை எடுக்கவில்லை. அது எனக்கு வசதி. இன்னொன்றில் எடுத்துவிட்டாள்.

“சொல்லுடா,” என்கிறாள்.

அவன் தொண்டையைச் செருமுகிறான். அவன் பேசப்போவதை நான் எழுதினால், ஒரு வினையடையாவது உள்ளே நுழைந்துவிடும். நிறுத்துகிறேன்.

இரண்டு பேர் ஒத்துப்போகாத வாக்கியம் மூன்றாம் ஆளுக்குப் போக வேண்டும். ஹேமலதா இந்தப் பஞ்சாயத்து தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். இந்த அறையில் இப்போது மிச்சம் நீங்கள்தான்.

பத்துக்கு எத்தனை? சுகன்யா உங்களைப் பார்க்கிறாள்.