கையில் கயிறோடு வந்தவன்

சன்னிவேலில் ஏப்ரலுக்குப் பிறகு மழை என்ற பேச்சே கிடையாது. அக்டோபரில் வீட்டு முன்புற மண்ணில் ஆணி அடிப்பதும் சிமென்ட் தரையில் அடிப்பதும் ஒன்றுதான். மதன் அடித்த முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது அவன் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. ஹாலோவீன் பேய்ப் பண்டிகைக்காக மகள் வெண்பா நச்சரித்து வாங்க வைத்த ஆள் உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கறுப்பு அங்கியும் சிவப்பு விளக்குக் கண்களுமாகப் புல்லில் படுத்துக் கிடந்தது.

“ஆணி பாதிகூட உள்ள போகல மதன்,” என்றாள் மனைவி வான்மதி. “தண்ணி ஊத்தி ஊற விட்டு காலைல அடிக்கலாம்ல? நைட்டு செம காத்துன்னு அலர்ட் வேற வந்திருக்கு.”

“அதெல்லாம் நிக்கும்.”

முக்கால்வாசி முடிந்த வேலை மதனைப் பொறுத்தவரை முடிந்த வேலை. ஆபீஸிலும் அப்படித்தான், அங்கே சரிபார்க்க நாலு பேர் இருந்ததால் பிழைத்தான். எலும்புக்கூட்டைத் தூக்கி, தரையில் ஒப்புக்கு நின்ற ஆணிகளில் அதன் பாதங்களை மாட்டினான். நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டிய கயிற்றை எலும்புக்கூட்டின் கையில் சுற்றி, நுனியை வேலிக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டான். அதற்குள் இருட்டிவிட்டது. கை தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விடிகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புல்தரை காலியாக இருந்தது. எலும்புக்கூடு பக்கத்து வீட்டு வாசல் தூணில் சாய்ந்து நின்றது. கண் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கையில் கயிறு தொங்கியது.

பக்கத்து வீட்டில் சந்தானம் அங்கிளும் காமாக்ஷி ஆன்ட்டியும். மாம்பலத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கே இருப்பவர்கள். அங்கிளுக்குத் திங்கட்கிழமை இதய வால்வு ஆபரேஷன். இந்த நேரத்தில் இது அங்கே நின்றால் நன்றாகவா இருக்கும்? தன் அரைகுறை வேலையும் வெளியே தெரிந்துவிடும். மதன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். சத்தமில்லாமல் அதை இழுத்து வந்து கார் நிறுத்தும் கராஜில் தள்ளிக் கதவைச் சாத்தினான். யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாகக் காபி குடித்தான்.

இரண்டாவது காபி இறங்குவதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

“வான்மதி, எமன் வந்துட்டுப் போயிட்டான்டி. கோலம் போடலாம்னு கதவத் திறந்தேன். கறுப்பா, நெட்டையா, கண்ணெல்லாம் செக்கச்செவேல்னு. கையில பாசக்கயிறு! அலறிண்டு உள்ளே போய் இவர எழுப்பிக் கூட்டிண்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்.”

“ஆன்ட்டி, நீங்க கண்ணாடி போட்டிருந்தீங்களா?” என்று கேட்டாள் வான்மதி. கேட்டுக்கொண்டே கணவனைப் பார்த்தாள். மதன் டம்ளருக்குள் பார்த்தான்.

“கண்ணாடி எதுக்கு? கயித்தக் கண்ணால பார்த்தேனே! ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி இப்ப ஆபரேஷன் வேண்டாம்னுட்டேன். அடுத்த தேதி ஜனவரியாம். பரவால்ல, தை பொறக்கட்டும்.”

அப்படியே விட்டிருந்தால் அது வெறும் பொம்மை. அங்கிளோடு திரும்பி வந்து பார்த்ததும் ஆன்ட்டியே இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பார். தன் மானத்தைக் காப்பாற்ற அதை மாயமாக மறைத்து, பொம்மையை எமனாக்கியவன் தான்தான் என்பது மதனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது அந்தத் தெருவுக்கே தெரியும். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை அவன் காபியோடு சேர்த்து விழுங்கினான். ஆன்ட்டி போய்விட்டார்.

“இப்பவே போய்ச் சொல்லு,” என்றாள் வான்மதி.

“சொல்றேன். ஒரு மீட்டிங் இருக்கு.”

மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் ஏறவில்லை. ஜனவரிக்குள் அங்கிளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?  மதியம் லேப்டாப்பை மூடிவிட்டுப் போனான்.

சந்தானம் அங்கிள் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதன் வாயைத் திறப்பதற்குள் கை காட்டி நிறுத்தினார்.

“தெரியும்டா. அவ அலறிண்டு வந்து எழுப்பினதுமே பெட்ரூம் ஜன்னல் வழியா பார்த்தேன். நீ அத இழுத்துண்டு ஓடினது சிரிப்பா இருந்தது.”

“அப்ப ஆன்ட்டிகிட்ட ஏன் சொல்லல அங்கிள்?”

அவர் கீழே விழுந்திருந்த எலுமிச்சை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

“நெஞ்சப் பிளப்பாளாம். கொஞ்ச நேரம் ஹார்ட்ட நிறுத்தி வெப்பாளாம். எனக்கு பயமா இருக்குடா மதன். வேண்டாம்னு என் வாயால சொல்ல வெட்கம். அவளே வேண்டாம்னுட்டா. நீயும் எதுவும் சொல்லாதே. ஜனவரி வரைக்கும் நான் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.”

 சும்மா இருந்தால் போதும், எல்லோரும் சந்தோஷம். சும்மா இருப்பதில்தான் அவன் கெட்டிக்காரன். அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

காமாக்ஷி ஆன்ட்டி மோர் டம்ளர்களோடு வெளியே வந்தார். வாசலுக்கு எமன் வந்துவிட்டுப் போனதும் நல்லதுக்குத்தான் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“ஆன்ட்டி, அது எமன் இல்ல. எங்க வீட்டு ஹாலோவீன் பொம்மை. நான் சரியா கட்டல, காத்துல பறந்து வந்துடுச்சு. நீங்க உள்ள போன நேரத்துல நான்தான் எடுத்து கராஜ்ல ஒளிச்சு வெச்சேன். ஸாரி ஆன்ட்டி.”

ஆன்ட்டி திட்டவில்லை. டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு ஃபோனைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது. கெஞ்சினார், ஆபீஸ்காரர்களிடம் பேசும் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார், பிறகு தமிழில் முருகனுக்கு நன்றி சொன்னார். திங்கட்கிழமை இடம் இன்னும் யாருக்கும் போகவில்லை.

அங்கிள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதன் கிளம்பத் திரும்பியபோது அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

“மண்டே நீயும் ஆஸ்பத்திரிக்கு வரணும்,” என்றார். “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவ மூஞ்சியப் பார்த்து நீதான் பதில் சொல்லணும்.”