நாலு ஓம் பெட்டி

தானியேலுக்கு வலி வால் எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே, இடப்பக்கம் தொடங்கும். அங்கிருந்து தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் கால் கட்டைவிரலில் போய் நிற்கும். பேச்சிராஜின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து மேலப்பாளையம் வருவதற்குள், ரோட்டிலிருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஒருமுறை இறங்கி ஏறிவிட்டது.

"பைய போல" என்றான்.

"இதுக்கு மேல பையப் போணும்னா எறங்கி உருட்டிட்டுத்தான் போணும்" என்றான் பேச்சிராஜ்.

இரண்டு பேரும் மார்க்கெட்டில் மூடை இறக்குகிறவர்கள். காலையில் இரண்டு லாரி வெங்காயம் இறக்கிவிட்டு, குளிக்காமல், ஆளுக்கு நாலு இட்லி தின்றுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு. போகிற இடம் நாசர் பாய் கடை. நாசர் ஒரு காலத்தில் ரேடியோ மெக்கானிக். இப்போது கேட்கிறவர்களுக்குக் கையாலேயே வால்வு ஆம்ப்ளிபயர் செய்து கொடுக்கிறார். பழைய ரேடியோவுக்குள் சிவந்து எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுதான். தன் பேஸ் கிட்டாருக்கு ஒன்று செய்து தரும்படி தானியேல் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. சொன்னபோது முதுகு நன்றாக இருந்தது.

சர்ச் பாடகர் குழுவில் பழகிய கை அவனுடையது. பதினொரு வருஷமாகக் குற்றாலலிங்கத்தின் இன்னிசைக் குழுவில், திசையன்விளை, ஆழ்வார்குறிச்சி என்று கோயில் கொடைத் திருவிழா நடக்கிற ஊரெல்லாம் மேடை ஓரமாக நின்று வாசித்துவிட்டான். போன ஆடிக் கொடை முடிந்த அன்று, ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவனைக் குற்றாலலிங்கம் தனியே கூப்பிட்டார்.

"சிவகணேஷு கீபோர்டுல எடக்கையாலயே பேஸ் போட்டுருதான். சனத்துக்கு வித்தியாசம் தெரியல. எனக்கே தெரியல வே. பெறகு உம்ம எதுக்கு வண்டில ஏத்திட்டு அலையணும்?"

"ஒரு கொடைக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. நல்ல செட்டு ஒண்ணு செய்யச் சொல்லி எடுத்துட்டு வாரேன். கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

"சரி, ஒண்ணு. ஆனா சாமான் தூக்க எங்கிட்ட ஆள் கேக்கப்படாது. அவனவன் சாமான் அவனவன் முதுகுல."

அந்த ஒரு கொடைக்காகத்தான் தானியேல் தன் பழைய செட்டை நாசரிடம் கொடுத்து, ஆடியில் வந்த கூலியையும் அதன் மேல் வைத்துவிட்டு வந்தான். அந்தக் கொடையில் அவன் சத்தம் எடுபடவில்லை என்றால் பதினொரு வருஷமும் அத்தோடு சரி. மீதிக் காலத்துக்கு வெங்காயம் மட்டும்தான்.

கடையில் மேசைமேல் ஆம்ப்ளிபயர் மூடியில்லாமல் கிடந்தது. வால்வுகள் வரிசையாக நின்றன. ஓரத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு இடம் காலியாக, நாலு போல்ட் ஓட்டைகளோடு இருந்தது.

"இந்தக் காலியிடத்துக்குத்தான் உம்மக் கூப்பிட்டேன்" என்றார் நாசர். "இங்கன ட்ரான்ஸ்பார்மர் உக்காரணும். அது எங்கையால கம்பி சுத்துத காயிலு. ஸ்பீக்கர் பெட்டியோட தடை எட்டு ஓமா, நாலு ஓமான்னு தெரிஞ்சாத்தான் எத்தன சுத்துன்னு கணக்கு வரும். பெட்டிய மாத்தி மாட்டினா இன்னைக்கில்லன்னா நாளைக்குக் கருகிரும்."

"ஒரு ஸ்விட்ச் வச்சு ரெண்டுக்கும் ஆகுத மாதிரி செய்யக்கூடாதா பாய்?"

"செஞ்சேனே ஒருத்தனுக்கு. வள்ளியூர் மேடையில பாட்டு நடக்கும்போது திருப்பிப் பாத்திருக்கான் அந்தப் புண்ணியவான். பொகை அவன் செட்டுல, கெட்ட பேரு எனக்கு. இனி ஒரு ஆம்ப்ளிபயருக்கு ஒரு பெட்டி. கட்டுன பொண்டாட்டி மாதிரி வச்சிக்கிடணும்."

"மொத தாரத்தையே இன்னும் அவன் ஒழுங்கா வச்சிக்கிடல பாய்" என்றான் பேச்சிராஜ்.

இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. சின்னதில் இரண்டு ஸ்பீக்கர், எட்டு ஓம். பெரியதில் நாலு ஸ்பீக்கர், நாலு ஓம். தானியேல் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. சின்னப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கிப் பார்த்தான். அப்புறம் பெரியதை. அது அசையவேயில்லை.

"கறிக்கடைக்கா வந்திருக்கீரு? காதால கேளும்வே. கையால நிறுக்காதேயும்."

"தூக்க முடியாத சாமான் என்ன பாடினா என்ன பாய்? ரெண்டும் என்ன எடை?"

"சின்னது இருபத்தொண்ணு. பெரிசு நாப்பத்தி நாலு."

தானியேல் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தான். பத்துக் கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு அவன் பையில் இருந்தது. மனைவி சாரம்மாளுக்குக்கூட அதைக் காட்டவில்லை.

கடைக்குள் சின்னப் பெட்டியே போதும் போலிருந்தது. சோதனைக்கென்று நாசர் வைத்திருந்த பழைய ஆம்ப்ளிபயரில் மாட்டி ஒரு தட்டுத் தட்டியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஆனால் கொடை நடப்பது நாலு சுவருக்குள் இல்லை. கடைக்குப் பின்னால் வேலிக்கருவை மண்டிய வெட்டவெளிக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். பெட்டிகளை நாசரும் பேச்சிராஜும் தூக்கினார்கள். தானியேல் ஒயரைத் தூக்கினான்.

பேச்சிராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். "நடந்துகிட்டே இருக்கேன். சத்தம் நின்னா துண்ட எறக்குதேன்" என்றான்.

சின்னப் பெட்டியில் தானியேல் வாசித்தான். பேச்சிராஜ் வெயிலில் போய்க்கொண்டிருந்தான். மின்கம்பத்தைத் தொடும்போது துண்டு இறங்கிவிட்டது. சமுக்காளம் விரித்துச் சனம் உட்காருவதே அந்தக் கம்பத்துக்கு அப்பால்தான் என்று தானியேலுக்குத் தெரியும்.

நாசர் அந்தப் பழைய ஆம்ப்ளிபயரின் பின்னால் இருந்த குமிழை நாலுக்குத் திருப்பிப் பெரிய பெட்டியை மாட்டினார். தானியேல் அதே நாலு சுரத்தை அதே அளவுக்குத்தான் அழுத்தினான். பேச்சிராஜ் கம்பத்தைத் தாண்டினான். வேலிக்கருவையைத் தாண்டினான். டீக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தான். துண்டு மேலேயே இருந்தது. டீக்கடையில் பெஞ்சில் இருந்தவன் எழுந்து, இவன் என்ன துண்டு காட்டுகிறான் என்று பார்த்தான்.

திரும்பி வந்தபோது பேச்சிராஜுக்கு மூச்சு வாங்கியது. "ஏலே, இதுவா உன் சத்தம்?"

"பின்ன?"

"இத்தன வருசமா நீ சும்மா நிக்கேன்னுல்லா நெனச்சேன். கொடைக்கு வந்து நான் தூங்குனதுக்குக் காரணம் நீதாம்ல." கீழே காலைப் பார்த்தான். "காதுல கேக்கல கேட்டியா. உள்ளங்கால்ல வருது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது தரையில வருமே, அந்த மாதிரி."

தானியேலுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் குனிந்து பெரிய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தது. பெட்டி தரையை விட்டு எழும்பக்கூட இல்லை. இடுப்பில் ஏதோ நரம்பை முறுக்கிக் கட்டியதுபோல் ஆகி, அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். நிமிரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினான்.

"அசையாத. அப்படியே இரி" என்றான் பேச்சிராஜ். அவனுக்கு இது புதிதில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சுவரோரமாக உட்கார வைத்தான். பிறகு பெட்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏத்தி விடும் பாய்."

"ஸ்பீக்கர் கிழிஞ்சிராம வே!"

நாற்பத்து நாலு கிலோவும் பேச்சிராஜின் பிடரியில் ஏறி, மூடை போவது மாதிரி கடைக்குள் போயிற்று. அவன் பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. பெட்டியின் விளிம்பு சரியாக அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

நாசர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இந்த முதுக வச்சிக்கிட்டு எப்படிவே மூடை தூக்குதீரு?"

தானியேல் தண்ணீரைக் குடித்தான். பேச்சிராஜ்தான் பதில் சொன்னான்.

"முழுசாத் தூக்கல பாய். தீவாளிக்கப்புறம் பாதிதான்."

அது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் பேசாத விஷயம். லாரிக்குக் கீழே வரிசையாக நிற்பார்கள். மேலே இருப்பவன் மூடையைத் தள்ளிக் கொடுக்கக் கொடுக்க முறைப்படி முதுகு காட்ட வேண்டும். ஒருவன் முறையைத் தவறவிட்டால் மேஸ்திரியிடம் சொல்லி ஆளை எடுத்துவிடுவார்கள். தானியேல் முகம் வெளுக்கிற அன்று, அவன் முறை வரும்போது பேச்சிராஜ் குறுக்கே புகுந்து முதுகைக் கொடுத்துவிடுவான். தன் முறை வரும்போது மறுபடியும் வந்து நிற்பான். இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"அப்ப ஒண்ணு செய்யலாம்" என்றார் நாசர். "சின்னப் பெட்டி மாதிரியே இன்னொண்ணு செஞ்சு தாரேன். எட்டும் எட்டும் சேத்து மாட்டினா நாலு ஓம் ஆயிரும். சத்தமும் பெரிசு மாதிரியே வரும். ஆனா எப்பவும் ரெண்டையும் கொண்டுபோகணும்."

"ரெண்டு நடை யாரு நடப்பா?" என்றான் பேச்சிராஜ். "பெரிசுன்னா ஒரே தூக்கு. வண்டில இருந்து எறக்குனா மேடை. சோலி முடிஞ்சுது."

"நீ எதுக்குல நடக்கணும்?" என்றான் தானியேல்.

"பின்ன நீயா தூக்கப் போற? குற்றாலலிங்கம் ஆளு தரமாட்டாருல்ல. நான் உன் ஆளுன்னு சொல்லிக்க. சோறு போடுவாங்கள்லா?"

"இது சோத்துக்கு ஆகுத வேலையால? எத்தன கொடைக்கு வருவ?"

"அத அப்பப் பாக்கலாம்."

நாசர் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "கேட்டுக்கிடும். சுத்திட்டா மாத்த முடியாது. நாலா, எட்டா?"

எட்டு என்று சொல்லலாம். அந்த இருபத்தொரு கிலோவையும் அவனால் தூக்க முடியாதுதான். ஆனாலும் யாரிடமும் கேட்காமல் இழுத்தோ உருட்டியோ கொண்டுபோகலாம். கம்பத்தோடு சத்தம் நின்றுபோகும். குற்றாலலிங்கம் கடைசி வரிசையில் நின்று கேட்பார். அங்கே சிவகணேஷின் இடக்கைதான் கேட்கும். நாலு என்றால் டீக்கடை வரைக்கும் போகும். நாலு என்றால் பேச்சிராஜின் பிடரி.

பேச்சிராஜ் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டு, பெட்டி உட்கார்ந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டுமுறை அமுக்கிவிட்டான். தானியேல் அதைப் பார்த்தான்.

"நாலு" என்றான்.

நாசர் அந்தக் காலியிடத்தில் சாக்குக்கட்டியால் பெரிதாக நாலு என்று எழுதினார்.

திரும்பும்போது பேச்சிராஜ் மொபெட்டைப் பைய ஓட்டினான். கேட்காமலேயே பள்ளங்களை ஒதுக்கிப் போனான். பாலத்துக்கு வந்ததும் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"கொடை என்னைக்கு?"

"சித்திரை ரெண்டாஞ் செவ்வா. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கம்."

"மேடை எம்புட்டு உசரம்?"

"நெஞ்சு மட்டும் வரும்."

"ஏணியா?"

"பலகை சாச்சிருப்பாங்க."

"பலகைன்னா சரி. ஏணின்னாதான் எளவு."

தானியேல் கிட்டாரை மடியில் அணைத்துக்கொண்டு அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். தோல் ஓரிடத்தில் உரிந்து சிவந்திருந்தது. பேச்சிராஜ் கணக்கு வைத்திருக்கிறானோ என்னவோ, தானியேல் வைத்திருந்தான். இன்று காலையில் ஏழு. தீபாவளியிலிருந்து இன்று வரை எல்லாம் சேர்த்தால், பேச்சிராஜுக்கு அவன் பட்ட கடன் ஐந்நூற்று முப்பத்தெட்டு மூடை. ஒரு மூடைகூட அவன் இன்னும் திருப்பித் தூக்கவில்லை.