தண்டைக்கு அடியில்

"செருப்பு கழண்டு விழுந்தது கூடவா தெரியல புள்ள உனக்கு?"

சூலியா தெருவில் ஷரீஃபா மாமி இப்படிக் கேட்ட பிறகுதான் சபூரா குனிந்து பார்த்தாள். வலது கால் வெறுமையாக இருந்தது. செருப்பு நாலு கடை தள்ளிக் கிடந்தது.

மாமி, அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பஷீரின் தாய். அவள் பார்வை சபூராவின் பாதத்திலேயே நின்றது. கால் மரத்துப்போனால் அது குஷ்டம் என்று ஊரில் பேச்சு. குஷ்டம் என்று தெரிந்தால் படகில் ஏற்றி ஜெரெஜாக் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்த் திரும்பியவர் யாரையும் அவள் பார்த்ததில்லை.

மறுநாள் மாமியே அவளையும் உம்மாவையும் டாக்டர் கார்த்திகேசுவிடம் கூட்டிப்போனாள்.

"என் கண்ணால பாத்துக்கிறேன்லா. அந்த வியாதின்னா கவர்மெண்ட் ஆளுககிட்ட நானே சொல்லிருவேன். அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பஞ்சுத் துணுக்கை எடுத்தார். "கண்ணை மூடும் பிள்ளை. தொட்டால் சொல்லும்."

சபூரா காத்திருந்தாள். பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தொட்டுவிட்டாரா? வாயை மூடிக்கொண்டிருந்தால் தீவுதான்.

"ஆமா... தொட்டீங்க."

மாமியின் வளையல்கள் குலுங்கின. "அல்லாவே! அவரு இன்னும் தொடவே இல்லையே!"

சபூரா கண்ணைத் திறந்தாள். டாக்டர் அந்தக் காலில் கிடந்த தண்டையைக் கழற்றச் சொன்னார். சோப்புத் தடவி இழுத்தபின்தான் அது குதிகாலைத் தாண்டியது. அடியில் சிவந்த தடம். அதன் குறுக்கே, தோலை முட்டிக்கொண்டு கயிறுபோல ஒரு நரம்பு.

"ஆர் இவ்வளவு இறுக்கமாப் போட்டது?"

"நான்தாங்க," என்றாள் உம்மா. "சம்பந்தக்காரங்க கண்ணுல நரம்பு படக்கூடாதுன்னு... எனக்கும் இப்படித்தான் இருக்கு." கைலியைத் தயங்கித் தூக்கித் தன் கணுக்காலைக் காட்டினாள். அங்கும் அதே கயிறு.

டாக்டர் இரண்டையும் தடவிப் பார்த்தார். "குஷ்டமெண்டால் நரம்பு தடிச்சிருக்கும். இதில தடிப்பு இல்லை. நரம்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடுறதில்லை, அம்மா. சிலருக்குக் கிளையாப் பிரிஞ்சு போகும். இவைக்கு ஒண்டாத் திரண்டு மேலால வருது. அதைத் தண்டை நசுக்கிப்போட்டுது. குஷ்ட வருத்தம் ஒண்டும் இல்லை. கொஞ்ச நாளில உணர்ச்சி திரும்பும்."

சபூராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் மாமி டாக்டரைப் பார்க்கவில்லை. உம்மாவின் காலையும் சபூராவின் காலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, டாக்டர் சொன்னாங்கல்ல?" என்றாள் சபூரா.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சபூரா உட்கார்ந்திருந்த நாற்காலியில் பட்டுவிடாதபடி கைலியைச் சுருட்டிப் பிடித்தாள். வெளியே போய் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள்.