துணி மூடிய பொம்மை

குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்து பேர் வாங்கியவர் பேராசிரியர் கார்குழலி. முப்பது வருடம் முன்பு அவர் பொம்மையைத் துணியால் மூடிக் காட்டியபோது, காசிமேட்டுக் குழந்தைகளில் ஒன்றுகூடத் துணியை விலக்கித் தேடவில்லை. மந்தமான பிள்ளைகள் என்று எழுதினார். அந்தக் கட்டுரைதான் அவரைத் தூக்கிவிட்டது.

ஓய்வு பெறும் விழாவுக்கு, அன்று தன் குழந்தையைத் தூக்கி வந்த மீன்காரி மங்கம்மாவையும் அழைத்திருந்தார். பேச்சுவாக்கில் அந்தச் சோதனை நினைவுக்கு வந்தது.

"மீனு மேல ஈரத்துணி போட்டு வெப்போம்மா. புள்ள அத்த இழுத்தா கை மேலயே ஒண்ணு போடுவோம். அப்பால எப்டி தொடும்? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே."

அன்று கேட்கவே தோன்றவில்லை அவருக்கு.

மேடையில் அவருடைய படத்தைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். அவரையே திறந்து வைக்க அழைத்தார்கள். போய் முன்னால் நின்றார். கை எழவில்லை.