தூசி கழித்த நிறம்

வெங்காய விலை இறங்கிய வாரத்தில் வெளிச்சக்காரரின் மனைவி ஒளிவிட ஆரம்பித்தாள். முதலில் தோள்பட்டை, பிறகு கழுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் முழுவதும். தெருவில் ஒருத்தரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி வெளிச்சக்காரர் வீட்டு ஜன்னலோரம் கொடி கட்டி ஈரத்துணியைக் காயப்போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவன் ஓடாத மீட்டரைப் பார்த்தான், வீட்டம்மாவைப் பார்த்தான், கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

வெளிச்சக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். குன்றின்மேல் இருந்த தொலைநோக்கியில் நட்சத்திரங்களை அளப்பது அவர் வேலை. நீலக் கண்ணாடி வழியாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது, மஞ்சள் கண்ணாடி வழியாக எவ்வளவு வருகிறது என்று ஒப்பிட்டு நட்சத்திரத்தின் சூட்டைச் சொல்லிவிடுவார். சிவப்பென்றால் ஆறினது, சிக்கனமாக எரிந்து யுகயுகமாகக் கிடக்கும். நீலமென்றால் கொதிப்பது, உள்ளதையெல்லாம் வாரி இறைத்துவிட்டுச் சீக்கிரம் போய்ச் சேரும். காலமெல்லாம் அவர் அளந்தது இந்த ஊதாரிகளைத்தான். ஒன்றுக்காகவும் கண்ணீர் விட்டதில்லை.

மனைவியை வாசற்படியில் நின்றுதான் அளக்க முடிந்தது, கிட்டே போனால் கண் கூசியது. கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பிடித்தார். சிவப்பு! அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் கஞ்சப்பிசினாறியா? என் கை ஓட்டைக் கைன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தாங்களே!" என்று அவள் சிரித்தாள்.

"அளவு பொய் சொல்லாதுடி" என்றார்.

அந்த மாதம் தெருவில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் புழுதி திரைபோலத் தொங்கியது. நடுவில் தூசி இருந்தால் அது நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பைத்தான் அனுப்பும். "தூசியைக் கழிக்காம நிறத்தைச் சொல்லாதே" என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் அவர் கத்தாத நாளில்லை. தன் வீட்டில் மட்டும் அது தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்றும் சொல்லலாம். தன் முதுகு யாருக்குத் தெரிகிறது?

சாலை முடிந்தது. நல்ல மழை பெய்து புழுதியை அடக்கியது. அவள் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, "இப்பப் பாருங்க, எப்படிப் பளிச்சுனு இருக்கு" என்றாள். அவள் சொன்னது வீட்டை. அவர் பார்த்தது அவளை. கேஸ் அடுப்பின் சுடர்போல நீலமாக நின்றுகொண்டிருந்தாள். அதற்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டாள். "மறைக்காதீங்க. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

ஒரு நட்சத்திரம் எப்போது முடியும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அதை ஒரு நாள் தள்ளிப்போடத் தெரியவில்லை. படித்த படிப்பெல்லாம் அளப்பதற்குத்தான் ஆயிற்று. "கொஞ்சம் குறைச்சு எரியக்கூடாதா?" என்று கெஞ்சினார்.

"குறைக்கத் தெரிஞ்சா குறைக்கமாட்டேனா?" என்று சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை அவர் வாசலில் கிடந்த கால்மிதியை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் உதறினார். புழுதி எழுந்தது. கண்ணாடிகளைப் பிடித்துப் பார்த்து, "சிவப்பு" என்றார். அவள் இருமிக்கொண்டே, துடைத்ததெல்லாம் வீணாய்ப் போச்சே என்று திட்டினாள். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ஒளி கூடக்கூடக் கால்மிதி போதாமல் கோணி வந்தது; கோணியும் போதாமல், சாலை போட்டவர்கள் விட்டுப்போன மண்ணைக் கூடையில் அள்ளிவந்து கொட்டினார்.

பிறகு ஒருநாள் அவருக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளே கால்மிதியை எடுத்துவந்து நீட்டினாள்.

"உதறுங்க. உதறிட்டு என்ன நிறம்னு சொல்லுங்க."

உதறினார். அந்த நீலம் இனி எந்தப் புழுதிக்கும் அடங்குவதாக இல்லை.

"சிவப்புதான்" என்றார்.

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு, ஈரத்துணிகளைப் போட்டாள்.