வேற சென்டருக்குப் போனவர்கள்

சாமுவேலின் செய்தி வந்தபோது செவ்வாய்க்கிழமை காலை மணி ஐந்து ஐம்பத்திரண்டு. 'அக்கா, அஞ்சாம் நம்பர் மாறிட்டாங்க' என்று ஒற்றை வரி. கோமளா அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. படித்தால் அழுகை வரும், அழுதால் மூக்கடைக்கும், அடைத்த மூக்கோடு ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார முடியாது. சுடுதண்ணீரை ஒரு மடக்குக் குடித்துக்கொண்டாள். அஞ்சாம் நம்பர் என்றால் பூவாத்தாள். மூன்று நாளைக்கு முன்னால்தான், "அடுத்த சனிக்கெழம என்ற மொறைங்க அம்மணி, மறந்துபோடாதீங்க" என்று போனில் குரல் அனுப்பியிருந்தாள்.

போத்தனூரில், தன் வீட்டு மாடியறையிலிருந்து கோமளா நடத்திவந்த இணைய வானொலிக்குப் 'பக்கத்தூட்டு ரேடியோ' என்று பெயர். சுவரெல்லாம் பழைய ஜமுக்காளம் தொங்கும் அறை. அப்படியும் சரக்கு ரயிலின் ஊதல் உள்ளே வந்து நிகழ்ச்சியில் கலந்துவிடும். நண்பர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாரம் ஒரு தெருவுக்குப் போய் அங்கிருப்பவர்களைப் பேசவைத்துக்கொண்டு வருவார். இன்னொருவர் தாலாட்டு மட்டும் ஒரு மணி நேரம் போடுவார். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு முதல் பத்து வரை கோமளாவுடையது. நிகழ்ச்சிக்குப் பெயரே 'நாலு மணி நேரம்'. ஒருவர் உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுத்தம்செய்து, திரும்ப உள்ளே ஏற்ற ஆகும் நேரம் அது.

அவள் கணவர் ரங்கராஜ், பூவாத்தாள் வந்துகொண்டிருந்த அதே டயாலிசிஸ் சென்டரில் மூன்றாம் கட்டில். பன்னிரண்டு கட்டில்களுக்கும் சேர்த்து ஒரே டிவி, அதற்கு ஒரே ரிமோட், அதற்காகத் தினமும் ஒரு மகாபாரதம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சகிக்காமல்தான் கோமளா இந்த நிகழ்ச்சியை ஆரம்பித்தாள். டெக்னீஷியன் சாமுவேல் சுவரில் ஒரு ஸ்பீக்கரை மாட்டித் தன் போனோடு இணைத்துக்கொண்டான். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டிலுக்கு முறை. முறைக்காரர் என்ன பொருள் சொல்கிறாரோ, அன்றைக்கு நாலு மணி நேரமும் அந்தப் பாட்டுதான். போன முறை பூவாத்தாள் சொன்ன பொருள், தண்ணீர். மழைப் பாட்டு, ஆற்றுப் பாட்டு, கிணற்றடிப் பாட்டு. கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் எல்லோரும் நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்கள். "ஏனுங் பூவாத்தா, எங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கறீங்களா?" என்று ஆறாம் கட்டில் லட்சுமணசாமி கத்த, வார்டே சிரித்ததாம். ஒரு காலத்தில் பம்புசெட் கம்பெனி வைத்திருந்த லட்சுமணசாமியும், காடு தோட்டத்தில் கூலிக்குப் போய்ப் பிறகு பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பூவாத்தாளும் வேறெந்த இடத்திலும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துப் பேசிச் சிரித்திருக்க முடியாது. கோமளாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் விழும் இரண்டு நாள்தான் இவர்களுக்கெல்லாம் கண்டம். இந்த ஞாயிற்றுக்கிழமை பூவாத்தாள் ஊரில் கோயில் நோம்பி. வெயிலில் சாமி பார்த்துவிட்டு வந்து எத்தனை சொம்பு குடித்தாளோ. திங்கள் விடிகாலையில் நெஞ்சுக்குள் நீர் கோத்து, மூச்சு நின்றுவிட்டது.

சென்டரில் யாரும் சாவதில்லை. 'வேற சென்டருக்கு மாறிட்டாங்க' என்பதுதான் அங்கே வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு, விவரம் தெரியாத புதிதில், ஒன்பதாம் கட்டில் பெரியவர் போனபோது கோமளா நல்ல மனதோடு வானொலியில் இரங்கல் படித்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த இருவருக்குப் பிரஷர் சரசரவென்று இறங்கி, வார்டில் ஒரே ஓட்டம். அன்று சாமுவேல் அவள் வீட்டு வாசலுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டான். அதிலிருந்து அவளும் அந்தப் பொய்யைச் சொல்லப் பழகினாள். சும்மா சொல்லவில்லை, கண் காது மூக்கு வைத்துச் சொன்னாள். மகன் வீட்டுக்குப் பக்கம் என்பாள், அங்கே கட்டில் வசதி என்பாள். இரண்டு வருடத்தில் ஆறு பேரை அப்படி அனுப்பியிருந்தாள்.

ஏழு மணிக்கு மேல் நாலாம் கட்டில் சாஜிதா பேகத்திடமிருந்து குரல் வந்தது. உக்கடத்தில் தையல் கடை வைத்திருப்பவள். பூவாத்தாளுக்குப் பக்கத்துக் கட்டில்.

"கோமளாக்கா, பூவாத்தாக்கா வரலீங்க. சாமுவேல் தம்பி வேற சென்டர்ங்கறாரு. எங்கிட்டச் சொல்லாமயா போவாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

பாட்டு முடிந்ததும் கோமளா மைக்கைத் திறந்தாள். "சாஜிதாவுக்கு ஒரு சேதி. பூவாத்தாக்கா காந்திபுரத்துல மக ஊட்டோட போயிட்டாங்களாம். சென்டர் அங்க நடந்து போற தூரந்தானாம்" என்றாள். தன் குரல் அத்தனை இயல்பாக இருந்தது அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை சாஜிதாவின் முறை. அவள் சொன்ன பொருள், 'இடம் மாறிப் போனவங்களுக்கு.'

"லிங்க் எங்க இருந்தாலும் வேலை செய்யுமுன்னு நீங்கதான சொன்னீங்க. துபாய்ல இருந்து எங்கண்ணன் கேக்கறாரு. காந்திபுரத்துல கேக்காதா? இங்கிருந்து போன ஏழு பேர்த்துக்கும் ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொல்றோம், நீங்க படிச்சு உடுங்க. அவங்களும் பதில் சொல்லட்டும்."

கோமளாவுக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வாழ்த்தாகப் படித்தாள். எட்டாம் கட்டிலாக இருந்த மாசாணத்துக்கு லட்சுமணசாமி சொன்னது: "மாசாணம், உங்க தோட்டத்து மோட்டாரு இப்பவாச்சும் ஓடுதா?" பூவாத்தாளுக்கு சாஜிதா சொன்னது: "அக்கா, ரவிக்கை தெச்சு வெச்சிருக்கேன். அளவு சரியான்னு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க." பாட்டு ஓடியது. ஏழு ஆனது, எட்டு ஆனது, ஒன்பது ஆனது. உயிரோடு இருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ பாட்டைப் பற்றி எழுதினார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரும் எழுதவில்லை. ஒன்பதரைக்கு சாஜிதா மறுபடியும் கேட்டாள்: "இன்னும் ஒருத்தரும் பேசலீங்களா அக்கா?"

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று கோமளாவை நிலைகுலைய வைத்தது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் செய்துவிட்டாள். "இதோ, மாசாணம் அண்ணன் எழுதியிருக்காருங்க. மோட்டாரு நல்லா ஓடுதாம். எல்லாத்தையும் கேட்டதாச் சொல்லச் சொல்றாரு" என்றாள். எதிரில் காலித் திரை மினுங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு ரங்கராஜ் ஆட்டோவில் வந்து இறங்கினார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவருக்கு உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆகிவிடும். இரண்டு இட்லி சாப்பிட்டார். தாகத்துக்குக் கோமளா கொடுத்த ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு படுத்தார்.

"மாசாணம் போன ஆடியிலயே செத்துப்போனான். சுந்தராபுரம் ஸ்டாப்புல கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தாங்க. அந்த வழியா வாற நாலு பேரும் பாத்தோம்."

கோமளா அவர் சாப்பிட்ட தட்டை எடுத்தாள்.

"பாத்தவங்க பாக்காதவங்க கிட்டச் சொல்லல. சாமுவேல் பாவம்னு உட்டுட்டோம். அது வேற. ஆனா இன்னைக்கு நீ அவனாட்டம் பதில் சொன்னே பாரு..." ஐஸ் கரைந்து முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "நாளைக்கு என்னையும் இப்புடித்தான் வேற சென்டருக்குத் தாட்டி உட்டுருவியா கோமளா? நான் நல்லா இருக்கறேன்னு நீயே எழுதி நீயே படிப்பியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். அவர் சாதாரணமாக, கரண்ட் போனால் யார் ஃபியூஸ் போடுவது என்று கேட்பது போலக் கேட்டார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள். முப்பது வருடம் கூடவே இருந்த மனுஷனுக்காக ஊரறிய அழக்கூட முடியாமல், ஆறு மணிக்குத் தெளிந்த குரலில் வணக்கம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகும் ஒரு காலையை அவளால் பார்க்க முடிந்தது. அந்தக் காலையைக் கட்டிவைத்தது அவளேதான்.

உண்மையைச் சொல்லிவிடப்போவதாக வெள்ளிக்கிழமை மதியம் சாமுவேலிடம் போனில் சொன்னாள். அவன் கெஞ்சினான். "அக்கா, பயந்து நடுங்கற கையில நான் ஊசி குத்தோணும். நரம்பு சிக்காது. உங்களுக்கு மைக்க அணைச்சா முடிஞ்சுது. நான்தான அங்க நிக்கறேன்?" அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவள் மனதை முடித்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை, எல்லோருக்கும் ஊசி ஏறி முடிகிற நேரம் பார்த்து, ஆறரைக்குப் பேசினாள்.

"வணக்கமுங்க, கோமளா பேசறேன். மாசாணம் அண்ணன் எழுதுனதா நான் சொன்னது பொய். அவரு போன ஆடியில எறந்துட்டாரு. பூவாத்தாக்கா திங்கக்கெழம வெடியால எறந்துட்டாங்க. இத்தனை நாளும் உங்ககிட்டப் பொய்தான் சொல்லீட்டு இருந்தனுங்க. அவங்களுக்காக ஒரு நிமிசம் அழுகக்கூட உங்கள உடாமப் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பிறகு ஏழு பேரின் பெயரையும், படுத்திருந்த கட்டிலையும், ஒவ்வொருவரும் கடைசியாகக் கேட்ட பாட்டையும் நிதானமாகச் சொன்னாள். "அஞ்சாம் கட்டில், பூவாத்தாள்" என்று முடித்தாள். இந்த முறைக்குப் பூவாத்தாள் என்ன நினைத்து வைத்திருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பழைய தண்ணீர்ப் பாட்டுகளையே போட்டாள். பாட்டு ஓடும்போது ஜமுக்காளச் சுவரைப் பார்த்து ஓவென்று அழுதாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

ஏழே முக்காலுக்கு சாமுவேல் அழைத்தான். குரலில் சுரத்தே இல்லை.

"அக்கா, அஞ்சாம் கட்டில் காலின்னு நெனச்சீங்களா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நேத்துச் சாயந்தரம் புதுசா ஒரு பொண்ணச் சேத்தாங்க. சைத்ரா. இருவத்திமூணு வயசு. மொதத் தடவ மெசின்ல படுத்திருக்குது. இந்தக் கட்டில்லயான்னு கேட்டு அலறீருச்சு. ஊசியக் கழட்டு கழட்டுன்னு கையப் பிச்சுக்காத கொறை. ஒரு மணி நேரங்கூட முழுசா ஓடல, எறங்கிப் போயிருச்சு. இனி செவ்வாக்கெழமதான் மெசினு. அதுவரைக்கும் அது தாங்கோணும்."

கோமளா போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்ன இரண்டு வருடத்தில் ஒரு கட்டிலைக்கூட அவள் விசாரிக்காமல் விட்டதில்லை. உண்மை சொன்ன ஒரே நாளில், யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனாள்.

ரங்கராஜ் வந்து வார்டில் நடந்ததைச் சொன்னார். சாஜிதா கண்ணை மூடி, ஒற்றைக் கையை ஏந்தி துஆ கேட்டாளாம். லட்சுமணசாமி வாய்விட்டு அழுதாராம். "எங்களுக்கெல்லாம் நெஞ்சுல இருந்து கல்லு எறங்குன மாதிரிதான். ஆனா அந்தப் புள்ளை..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஞாயிறும் திங்களும் கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் போன் நம்பரைக் கேட்டாள். தர முடியாது என்றான் சாமுவேல், அது சரிதான். ரேடியோவின் லிங்க் அந்தப் பெண்ணிடம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு இளம் உடம்புக்குள் என்னென்ன ஏறும் என்பது மட்டும் கோமளாவுக்கு நன்றாகத் தெரியும். முகம் உப்பும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். சொன்னது சரியா தப்பா என்று அவள் தன்னையே கேட்டபடி இருந்தாள். சரி என்றே தோன்றியது. அது அவளுக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை.

செவ்வாய்க்கிழமை லட்சுமணசாமியின் முறை. "என்ற மொறைய அந்தப் புள்ளைக்கே உட்டுப்போட்டனுங்க. அது வந்தா அது சொல்லட்டும்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் கோமளாவிடம் அன்று பொருள் ஏதும் இல்லை. ஏதோ ஒரு வீணையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்ன போடுவது என்று எடுத்துவைக்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு ரங்கராஜ் வார்டிலிருந்து அழைத்தார். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன், கிசுகிசுப்பான குரல்.

"வாசல்ல நிக்குது."

"உள்ள வந்துருச்சுங்களா?"

"இல்ல. செருப்பக் கழட்டல. மூஞ்சி எல்லாம் உப்பியிருக்குது. அவங்கம்மா கையப் புடிச்சு இழுக்கறாங்க, வரமாட்டேங்குது. ஸ்பீக்கரையே பாத்துட்டு நிக்குது கோமளா. நீ என்னமோ பேசு."

வீணை முடிந்தது. கோமளா மைக்கைத் திறந்தாள். 'பயப்படாத கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகாது' என்பது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எத்தனை முறை எத்தனை பேருக்குச் சொல்லிப் பழகிய நாக்கு. அதை விழுங்கிக்கொண்டாள். வேறு எதைச் சொன்னாலும் அதில் ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது.

"நான் இங்கதான் இருக்கறேன் கண்ணு" என்றாள் கடைசியில். பிறகு பாட்டு எதுவும் போடவில்லை. வானொலியில் அப்படி ஒரு வெறும் மௌனம் ஓடுவது அதுதான் முதல் தடவை. போனில் பதினோரு இயந்திரங்கள் சுற்றும் ஓசை கேட்டது. யாரோ இருமினார்கள். வேறு பேச்சு மூச்சு இல்லை.

"ஒத்தச் செருப்பக் கழட்டீருச்சு" என்றார் ரங்கராஜ்.

கோமளா மைக்கை அணைக்காமல், இன்னொரு செருப்புக்காகக் காத்திருந்தாள்.