பொதுக்குழி ஓரத்தில் ஒரு பெஞ்சு

இப்போதெல்லாம் கல்லறைக்கு வருகிறவர்கள் செத்தவர்களைப் பார்க்க வருவதில்லை. அடுத்தவன் வைத்த கல் நம்முடையதைவிடப் பெரிதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். இன்புளுவென்சாக் காய்ச்சல் பெங்களூரில் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியையே வாரிக்கொண்டு போன மறுவருஷம், கல்லறைத் திருநாளன்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாமனார் கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டுவிட்டு ஜோசஃபின் நிமிர்ந்தாள். அதே கல்லறையின் காலடியில் யாரோ ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, யார் கல்லறையில யாரு வத்தி வைக்கிறது? உங்க ஊட்டுது எங்கயோ அங்க போ.”

அவள் பிரிஜெட். புருஷன் ரெமிஜியஸ் ஜட்கா வண்டி ஓட்டியவன், காய்ச்சலில் போய்விட்டான். அப்போது பெட்டி செய்யப் பலகைகூடக் கிடைக்கவில்லை. சுவரோரம் வெட்டிய பொதுக்குழியில் பலரோடு சேர்த்து மூடிவிட்டார்கள்.

“கோச்சிக்காதீங்கம்மா. எங்க வீட்டுக்காரரு அந்தக் குழியிலதான் இருக்காரு. அங்க வைக்க எடமில்ல.”

“ஏன், குழி எங்கனா ஓடிப்போச்சா?”

“எல்லாரும் கொட்டுற பழைய மாலை அவர் மேலதான் கெடக்குது. போன தடவ வத்தி வச்சேன், காஞ்ச பூவுல நெருப்பு புடிச்சுக்கிச்சு. காலால மிதிச்சு அணைச்சேன். அவரையே மிதிச்ச மாதிரி இருந்திச்சும்மா.”

அன்று காலையில் அங்கே ஒரு கூடை பழைய மாலையைக் கொட்டியவள் ஜோசஃபின்தான். வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். தான் கொட்டியதோடு மற்றவர்கள் கொட்டியதையும் அள்ளினாள். நாலு பேர் கூட வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, பங்குச்சாமியாரிடம் கேட்டு, கோயிலில் கிடந்த பழைய பெஞ்சு ஒன்றைக் குழியோரம் போடவைத்தாள். அங்கே உட்காருகிறவரை யார், எந்த வீடு என்று யாரும் விசாரிக்கக் கூடாது என்றாள்.

“கல்லு வைக்க முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான் துக்கமா? பேரில்லாம மண்ணுக்குள்ள போனவங்களுக்காகவும் ஒக்காந்து அழ ஒரு எடம் வேணும். அத சுத்தமா வச்சிருக்கறது நம்ம எல்லார் கடமை” என்று கூடியவர்களிடம் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் ஒக்காருங்க, பெரியவரே” என்றாள்.

“அடுத்த திருநாள் வரட்டும். எவன் மறுபடி கூடைய கவுக்கறான்னு பாக்கலாம்” என்றேன்.

அதையும் மெதுவாகத்தான் சொன்னேன். பெஞ்சில் பிரிஜெட் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் நடையைக் கட்டினேன்.